கடப்பாக்கம் கேணிக்கு எந்த மொழி பொருத்தம்?

அச்சரப்பாக்கம்
ஆடி 20

திருவிடந்தை சம்பந்தி ஜெகதீசன் அவர்களுக்கு, உலகநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் ரத்தக் கொதிப்பைத் தவிர மற்றதெல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. தங்கள் வீட்டில் அதுவும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். ஆடிக்கு அழைத்து வந்த தங்கள் மருமகள் அன்பரசி, கம்ப்யூட்டரை மூடும் நேரங்களில் நன்றாகச் சாப்பிடுகிறாள். போனிலேயே பேசியிருப்பேன். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் என் சம்சாரம் சாரதாம்பாள் பக்கத்தில் நின்று மூன்று திருத்தம் போடுகிறாள். அதனால் கடிதம்.

கடப்பாக்கத்தில் குடிதண்ணீருக்குப் புதுக் கேணி வெட்டப் போகிறார்கள். இடத்தை ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். ஊராட்சித் தலைவர் கடலோரப் புறம்போக்கைக் காட்டுகிறார். அங்கே வெட்டினால் இரண்டே வருடத்தில் உப்பு ஏறிவிடும், குப்பத்து ஜனங்கள் மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர வேண்டியதுதான். நிலத்தடி நீர்த் துறை வேலையில் இருந்த இருபத்திரண்டு வருடமும் கிணறு கிணறாக அளந்து எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. நீட்டினால் மனுஷன் கொட்டாவி விடுகிறார். படமாகக் காட்டினால்தான் சபை நம்பும் என்று அன்பரசி ஒரு மென்பொருள் எழுதக் கிளம்பினாள். அந்த ஊர் நூலகத்தில் உள்ள, இன்டர்நெட் இல்லாத பழைய கம்ப்யூட்டரில் அது ஓட வேண்டும். மீன் விற்கும் தனக்கோடியம்மா தினமும் தன் கிணற்றை அளந்து, அந்த அளவைத் தானே போட வேண்டும். இதை எந்த மொழியில் எழுதுவது என்று நான் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன் சம்பந்தி, வீடு இரண்டு கட்சியாகிவிட்டது.

என் அண்ணன் மகன் பாலசுப்ரமணியன், சி ப்ளஸ் ப்ளஸ்தான் வேகம், மற்றதெல்லாம் விளையாட்டு என்றான். நான் அவன் பக்கம். சாரதாம்பாளின் அக்கா மகன் பார்த்திபன், பைத்தான்தான் சுலபம் என்றான். அவள் எந்தப் பக்கம் என்று நான் சொல்லவும் வேண்டுமா? நம்மாள் பதினோரு நாள் கூடத்தில் உட்கார்ந்து எதை எதையோ இறக்கி ஏற்றி, கடைசியில் திரையில் ஒரு ஜன்னல் திறந்தது, அதில் ஒரே ஒரு பொத்தான், அழுத்தினால் அந்த ஜன்னலும் மூடிக்கொண்டது. அவர்கள் ஆள் ரெண்டே மணி நேரத்தில் படம் போட்டுக் காட்டினான், சாரதாம்பாள் அவனுக்குக் கேசரி கிண்டினாள், நூலகத்துக்குக் கொண்டுபோனால் அது இல்லை இது இல்லை என்று அங்கே படுத்துவிட்டது. மொழி மட்டும் போதாதாம் சம்பந்தி, திரையில் ஜன்னலும் பொத்தானும் வரைந்து தர ஒரு கருவித் தொகுப்பு தனியாக வேணுமாம், மாப்பிள்ளை கிடைச்சும் மண்டபம் கிடைக்காத கதைதான். ஒரு தொகுப்பில் கம்ப்யூட்டர் சூடாகி, மேலே வடாம் காயவைக்கலாம் போல ஆயிடுச்சு. இன்னொன்றில் தமிழ் எழுத்தே உடைந்தது. தனக்கோடியம்மா திரையைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், என் பேரு ரெண்டு துண்டா கீது? நானு முழுசாத்தானே நின்னுகினு கீறேன்?” என்று கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

சரி, சாமியையே கேட்டுவிடலாம் என்று நானும் சாரதாம்பாளும் கோயிலில் பூப்போட்டுப் பார்த்தோம். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, பொட்டலமாகக் கட்டி வைத்தோம். எது எதற்கு என்று மனசுக்குள் நினைக்க வேண்டுமே தவிர வெளியே சொல்லக்கூடாது அல்லவா? வெள்ளை வந்தது. வெள்ளை என்றால் சி ப்ளஸ் ப்ளஸ் என்று நான் நினைத்திருந்தேன். வெள்ளை என்றால் பைத்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள். இப்போது இரண்டு கட்சிக்கும் சாமி துணை. சமாதானத்துக்கு வழியே இல்லை.

ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். தாங்கள் முப்பது வருடம் ஆராய்ச்சிக் கூடத்தில் ஃபோர்ட்ரான் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவர். இன்று அதைச் சீந்துவார் இல்லை, ஆகவே தங்களுக்குக் கட்சியும் கிடையாது. பத்து நாள்தான் இருக்கிறது. அந்த ஜனங்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்காமல் போனால், நான் அளந்தது அத்தனையும் வீண் என்று என் மனசு ஆறாது.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளை சுதாகருக்கு ஆசிகள். எல்லோர் வீட்டுக் கிணறும் இனிக்கட்டும்.

இப்படிக்கு,
உலகநாதன்

பி.கு.: மேலே எழுதியதில் வணக்கங்களைத் தவிர மற்றதை அடித்துவிடவும். உறையில் எழுதத் தங்கள் பின்கோடு கேட்டேன். அன்பரசி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். மென்பொருள் முடிந்து எட்டு நாளாகிறதாம். நாங்கள் கூடத்தில் சண்டை போட்டதால் உள்ளே அவளை யாரும் தொந்தரவு செய்யவில்லையாம். பைத்தானில் எழுதி, க்யூட்டி என்ற தொகுப்பில் திரை அமைத்து, வேண்டியதெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி நூலகத்தில் ஏற்றிவிட்டாள். தனக்கோடியம்மா பெயர் முழுசாக வருகிறது. அந்த க்யூட்டியே சி ப்ளஸ் ப்ளஸில் எழுதியதுதானாம், அந்த மட்டில் என் மானம் தப்பியது. உப்பு ஏறும் கணக்கு எதில் என்று கேட்டேன். கல்யாணத்தன்று தாங்கள் கொடுத்த பழைய ஃபைலைக் காட்டினாள். “அது மாமாவோட ஃபோர்ட்ரான்ப்பா. முப்பது வருஷமா சரியா வர்ற கணக்க நான் எதுக்குத் திரும்ப எழுதணும்?” என்கிறாள். நடுவர் என்று நம்பித் தங்களைக் கூப்பிட்டேன், ஜெயித்த கட்சியே தாங்கள்தான்.

நேற்று தலைவர் நூலகத்துக்கு வந்து, புறம்போக்கில் உப்பைக் காட்டும் சிவப்புக் கோடு ஏறுவதை ரொம்ப நேரம் பார்த்தாராம். சவுக்குத் தோப்பு மேட்டில் வெட்டினால் எப்படி என்று தனக்கோடியம்மாவிடமே கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். ஆவணி பிறந்து மருமகளை அழைத்துப் போக வரும்போது அந்த ஃபைலின் மிச்சக் காகிதங்களையும் எடுத்து வாருங்கள். நோட்டில் இன்னும் நாற்பது கிணறு இருக்கிறது.