கோமளா தியேட்டர் சோபா

"அங்கிள், கொஞ்சம் எழுந்திருங்க. இந்த சோபா வித்துப் போச்சுலா, லோரி வந்திருச்சு" என்றாள் கடைக்குப் புதிதாக வந்த ராஜினி.

சீவரத்தினத்துக்குப் பகீரென்றது. கிள்ளான் கோமளா தியேட்டர் மூடி, அரிசிக் கிடங்காகி, இப்போது சோபாக் கடையாக நிற்கிறது. நகராண்மைக் கழகத்தின் லைசென்ஸ் பலகை மட்டும், 'ஐந்நூறு பேர் அமரலாம்' என்று இன்னும் சுவரில் தொங்குகிறது.

அதில் அவருக்கு வேண்டியது ஒரே இடம். கல்யாணமான புதிதில், தூணுக்குப் பக்கத்தில், பூரணத்தோடு படம் பார்த்த இடம். "ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வருவமே" என்று அவள் கெஞ்சாத நாளில்லை. "சோபாக் கடையில என்னத்தப் பாக்கறது?" என்று இவர் வாயை அடைத்துவிடுவார். அவளும் வெள்ளிக்கிழமையானால் தனியாகக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். இப்போது அவளே இல்லை. இவர் வெள்ளிதோறும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்து, தூணோரத்து சோபாவில் உட்கார்ந்து போகிறார்.

சும்மா உட்கார விடுவார்களா? "வாங்கறீங்களா அங்கிள்?" என்று ராஜினி முதல் வாரமே கேட்டாள்.

"வீட்டுக்காரி வந்து பாக்கணும்" என்று புளுகினார்.

அடுத்த வாரம், "ஆன்டி எங்க?"

"டெங்கில் ஊர்ல, மக வீட்டுல."

"அப்ப வீடியோ கால் போடுங்க!"

"அவளுக்கு... கண் ஆபரேஷன்."

செத்தவளுக்குக் கண் ஆபரேஷன்! ராஜினி கோயிலில் அர்ச்சனை செய்து திருநீறு வேறு கொண்டுவந்து கொடுத்தாள். மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது சோபாவுக்கே ஆபத்து. "யாருக்கும் குடுக்காத! நானே வாங்கிக்கறேன்!" என்று கத்தினார்.

ராஜினி எப்படியோ அதை வாங்கியிருந்த குடும்பத்தை வேறு சோபாவுக்குச் சம்மதிக்க வைத்தாள். சீவரத்தினம் கார்டை நீட்டிவிட்டு, அப்பாடா என்று மறுபடி உட்கார்ந்தார்.

புத்தி எங்கே போச்சோ! வாங்கின சோபாவைக் கடையிலேயே விட்டு வைப்பார்களா? சாயங்காலம் அது பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து இறங்கியது.

"இதை அங்கேயே திருப்பிப் போட்டுரு தம்பி."

"எங்க போடறது boss? அந்த எடத்துல கட்டில் போட்டாச்சு" என்றான் லோரிக்கார வாசு.

சீவரத்தினம் சோபாவில் தொப்பென்று விழுந்தார். பக்கத்தில் தூண் இல்லை, பூரணமும் இல்லை. விம்மி விம்மி அழுதார்.

தண்ணீர் கொண்டுவரத் திரும்பிய வாசு, மாலை போட்ட படத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அட, இந்த ஆன்டியா! ராஜினி வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, வெள்ளிக்கிழமையானா கடைக்கு வந்துருவாங்க அங்கிள். தூண்கிட்ட, அதே எடத்துல உக்காந்துட்டு, வாங்கறீங்களான்னு கேட்டா, 'எங்க வீட்டுக்காரர் வந்து பாக்கணும்'னு சொல்வாங்க."