பதினைந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

மல்காஜ்கிரி,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் புருஷோத்தமன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் லட்சுமணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். என் போன் நாற்பது சதவீதம். பொன்மலையில் தாங்களும் வீட்டில் அக்காவும் தங்கள் முழங்காலும் சௌகரியம் என்று நம்புகிறேன்.

நெடிய யோசனைக்குப் பிறகு, நண்பர்களைக் கலந்து, ராகு காலம் கழித்து, சென்ற வாரம் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். இனி நான் எங்கே இருக்கிறேன் என்பதைச் செயற்கைக்கோளுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் தெரிவிப்பது. அதன் விளைவுகளைத் தங்களிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம். பேசினால் பேட்டரி இறங்குகிறது. ஆகவே கடிதம்.

தங்கள் தங்கை கல்பகம் போன பிறகு நான் இங்கே தனியாக இருப்பது மகள் ஷோபாவுக்குப் பிடிக்கவில்லை. கொண்டாப்பூரில் அவளும் மாப்பிள்ளை யோகேஷும் இருக்கும் பதினான்காவது மாடிக்கு வந்துவிடச் சொல்கிறாள். அங்கே ஒரு வாரம் இருந்து பார்த்தேன். லிஃப்டில் ஒருவருக்கு வணக்கம் சொன்னேன். அவர் தன் மாடி வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார். கடைசியில் அவளோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. சர்க்கரைக்காக டாக்டர் சொன்ன நாலு கிலோமீட்டரை நான் தினமும் நடக்க வேண்டும்; நடந்த தடத்தைப் போன் பதிவு செய்ய வேண்டும்; மாலையில் அதை ஒரு ஃபைலாக ஏற்றுமதி செய்து அவளுக்கு அனுப்ப வேண்டும். தீபாவளி வரை ஒழுங்காக அனுப்பினால் மல்காஜ்கிரியிலேயே இருந்துகொள்ளலாம். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து வேகன் வேகனாக மிளகாய் மூட்டை அனுப்பியவன்தான் நான். நடையை ஏற்றுமதி செய்வது இதுவே முதல் தடவை. அந்த ஃபைலை ஒரு நாள் திறந்து பார்த்தேன். உள்ளே முழுக்க எண்கள். நான் எங்குமே இல்லை.

முதல் நாள் போன் விநாடிக்கு ஒரு முறை என்னைக் குறித்துக்கொண்டது, அந்த உழைப்பில் கையில் பிடிக்க முடியாதபடி சூடாகி, சபில்குடா ஏரியின் அந்தக் கோடியில் உயிரை விட்டது, நான் மட்டும் திரும்பி வந்தேன், வந்ததற்கு ஆதாரமில்லை. "அப்பா, பாதிதான் வந்திருக்கு. மீதி எங்க?" என்றாள் ஷோபா. "மீதி நான்தாம்மா. ஈஸிசேர்ல உட்கார்ந்திருக்கேன்" என்றேன். ஏற்கவில்லை. செட்டிங்ஸைக் கிளறியபோது, எத்தனை நேரத்துக்கு ஒரு முறை குறிப்பது என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தது. ரயில்வே வழக்கம் தாங்கள் அறிந்ததே: வண்டி ஒரு ஸ்டேஷனை விட்டால் அடுத்த ஸ்டேஷனில் தலைகாட்டும் வரை எங்கே போகிறது என்று யாரும் நச்சரிப்பதில்லை. தேசமே அப்படித்தான் ஓடியது. பதினைந்து நிமிடம் என்று வைத்தேன். பேட்டரி அசையவேயில்லை. ஆனால் போன் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டுவிடுகிறது. நடுவில் ஏரி இருப்பதை அது பொருட்படுத்துவதில்லை. "அப்பா, தண்ணி மேல நடந்திருக்கீங்க. அதுவும் ஸ்ட்ரெயிட்டா!" என்றாள். குறுக்கு வழியாகையால் தூரமும் ஒன்றரை கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. தண்ணீர் மேல் நடந்ததை மன்னித்துவிட்டாள். குறைவாக நடந்ததை மன்னிக்கவில்லை.

அப்போதுதான் என் பழைய நண்பன், லோகோ ஷெட் தண்டபாணி வழி சொன்னான். "ஏரோப்ளேன் மோடுல போடுடா. சிம்மு தூங்கும், சேட்டிலைட்டு முழிச்சிருக்கும். பேட்டரி மிச்சம்." போட்டேன், அடிக்கடி குறிக்கவும் வைத்தேன், உண்மையிலேயே வேலை செய்தது. அன்று பார்த்து ஷோபா திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறாள், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது, அவள் அழுதுகொண்டே என் மாடி வீட்டு ஜுலைகாவைக் கூப்பிட்டிருக்கிறாள். ஜுலைகா வீட்டார் வாணியம்பாடிக்காரர்கள், மூன்று தலைமுறையாக இந்த ஊர், பேசும் தமிழில் பாதி உருது. அந்த அம்மாள் ஸ்கூட்டரில் ஏரியைச் சுற்றி வந்து, என்னை ஒரு தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் கண்டுபிடித்து, அங்கிருந்தே போன் செய்தார். "ஹவ் ஷோபா, உசிரோடதான் இருக்காரு. கைக்கு, எதுக்கு அழறே? மிர்ச்சி பஜ்ஜி சாப்பிடறாரு." பிறகு என்னிடம், "நக்கோ அண்ணே, நக்கோ, வேணாம்! பொண்ணு அங்க அழுவுது, நீங்க இங்க சட்னி கேக்கறீங்க" என்றார். அன்றைய தடம் முழு நாலு கிலோமீட்டர். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இனி ஏரோப்ளேன் கூடாது என்று உத்தரவு.

ஆகவே நுணுக்கமாகக் குறித்தால் போன் சாகிறது, சிக்கனமாகக் குறித்தால் நான் ஏமாற்றுக்காரன். தாய்மாமன் சொல்லை ஷோபா தட்டமாட்டாள். அப்பா நடக்கத்தான் நடக்கிறார், போன்தான் கூட வருவதில்லை என்று தாங்கள் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் நான் இருப்பதும் போவதும் இப்போது தங்கள் வாயில் இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் வீட்டில் முழங்கால் வலியும் போன் சூடும் அண்டாதிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
லட்சுமணன்

பி.கு. (செவ்வாய்): தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. ஷோபாவிடம் பேச வேண்டாம். நேற்று பதிவை ஓடவிட்டு, சார்ஜில் இருந்த போனை ஃப்ரிட்ஜின் மேலேயே மறந்துவிட்டு நடக்கப் போனேன். திரும்பி வந்தால் அது ஐந்து கிலோமீட்டர் நடந்திருக்கிறது. கூரைக்கு அடியில் செயற்கைக்கோள் சரியாகக் கிடைக்காதபோது போன், தான் இருக்கும் இடம் தெரியாமல் தடுமாறும், அந்தத் தடுமாற்றத்தையும் தூரமாகக் கூட்டிக்கொள்ளும் என்று தண்டபாணி சொல்கிறான். அனுப்பினேன். "சூப்பர்ப்பா" என்று பதில் வந்தது. பேட்டரியும் நூறு. அதனால் அதை அங்கேயே விட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் பதினெட்டு கிலோமீட்டர் அனுப்பியிருக்கிறேன்.

மீண்டும் பி.கு. (வியாழன்): ஷோபா இந்தத் தடவை வரைபடத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். விடிய விடிய நான் ஹாலுக்கும் சமையலறைக்கும் பக்கத்து வீட்டுக் குளியலறைக்கும் இடையே சிக்கு விழுந்த நூல் மாதிரி சுற்றியிருப்பதை டாக்டரிடம் காட்டினாளாம். அவர் அதற்கு ஒரு வியாதியின் பெயர் சொன்னாராம். நான் தூங்கிக்கொண்டிருந்தேன், சுற்றியது போன்தான் என்றேன். "சரிப்பா, சரிப்பா" என்று மிகவும் மென்மையாகச் சொன்னாள். காலையிலிருந்து சாமான் கட்டும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜை முதலில் ஏற்றினார்கள். பதில் எழுதினால் கொண்டாப்பூர் விலாசத்துக்கு எழுதவும்.