பழைய கார் பார்க்கக் கூட வருகிறவர்

பழைய கார் வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். விற்கிறவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். ஆனால் அவரைக் கேட்காமல் ஒரு பழைய காரும் கை மாறாது, கேட்டாலும் மாறாது. அவர்தான் கூட வருகிறவர்.

அவரை நீங்கள் அழைக்க வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி பார்க்கப் போவதாகப் பக்கத்து நாற்காலியிடம் முணுமுணுத்தால் போதும், மூன்று மேசை தள்ளி ஒரு தலை நிமிரும். எந்த வருடம், எந்த மாடல், எத்தனை கார்புரேட்டர் என்று கேட்பார். நீங்கள் வாய் திறப்பதற்குள் தானே பதிலும் சொல்லிவிடுவார். ஞாயிறு காலை நீங்கள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தோடு வாசலில் நிற்பார். காந்தம் எதற்கு? துருப்பிடித்த இடத்தில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாதாம். சரி, அவர் என்ன கார் வைத்திருக்கிறார் என்கிறீர்களா? பேருந்தில்தான் வருவார்.

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஸ்பானர் என்று பெயர். அவர் ஸ்பானரைக் கையில் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

என் தங்கை கணவர் பல் வைத்தியர். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்தே முதுகு வளைந்த மனிதர். கூரையை மடக்கிவிட்டு, முகத்தில் காற்றடிக்க, பச்சை நிற இங்கிலாந்துக் காரில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அப்படி ஒரு கார், ஒரு மரக்கடையின் கொட்டகையில், பலகைகளுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடப்பதாகத் தகவல் வந்தது. கேட்ட விலை மாப்பிள்ளைக்குச் சற்றே எட்டவில்லை. நாலு குறை சொல்லிக் கொஞ்சம் இறக்கினால் வாங்கிவிடலாம். அதற்குத்தான் ஸ்பானர். யோக்கியமான காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆசை என்று வந்துவிட்டால் யார்தான் யோக்கியர்?

குறையை மட்டும் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளை வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தார். தன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராது என்று ஸ்பானரும் வாக்குக் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். டயரை உதைத்தார், ஸ்டியரிங்கை ஆட்டினார், அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார், அங்கிருந்து விதவிதமாக உச்சுக்கொட்டினார். ஒவ்வொரு உச்சுக்கும் மரக்கடைக்காரரின் முகம் ஒரு சுற்று வாடியது. கடைசியில் காந்தம் வெளியே வந்தது. பானெட்டில் வைத்தார், வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. ஸ்பானரின் கண்ணில் ஏதோ பளிச்சிட்டதை நான் பார்த்தேன். அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, "பட்டி" என்றார்.

மரக்கடைக்காரர் ஒரு பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷமா பட்டியையா போர்த்தி வச்சிருந்தேன்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, நாங்கள் நினைத்ததற்கும் கீழே ஒரு விலை சொன்னார். மாப்பிள்ளையின் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"எடுத்துட்டுப் போங்க. எங்க பார்த்தாலும் ஓடிக்கிட்டிருந்த சாதாரண வண்டிதானே" என்றார் மரக்கடைக்காரர்.

கூட வருகிறவரால் பொய் சொல்ல முடியும். ஆனால் இன்னொருவர் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஸ்பானரின் காது சிவந்தது. மாப்பிள்ளை அவர் காலை மிதித்தார். நான் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். ம்ஹூம்.

"சாதாரண வண்டின்னு யாருங்க சொன்னது?"

"நீங்கதானே இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டிருந்தீங்க."

"அது வேற. இது பட்டி இல்லீங்க, அலுமினியம். முதல்ல வந்த கொஞ்சம் வண்டிக்குத்தான் இப்படிப் போட்டாங்க, அப்புறம் இரும்புத் தகடுக்கு மாறிட்டாங்க. இன்னொண்ணு தேடினாலும் கிடைக்காது."

அதோடு விட்டாரா? வண்டி எண் பொறித்த தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துக் காட்டினார். எந்தச் சங்கத்துக்கு எழுதினால் சான்றிதழ் தருவார்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தார். மரக்கடைக்காரர் தார்ப்பாயை மெதுவாக இழுத்து, குழந்தைக்குப் போர்த்துவதுபோல ஓரமெல்லாம் செருகினார். விற்கிற உத்தேசம் இல்லை என்று மிக மரியாதையாகச் சொன்னார். எங்களுக்குத் தேநீர் வந்தது. ஸ்பானருக்கு மட்டும் பிஸ்கட்டும் வந்தது.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை பழையபடி முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஸ்பானர் மட்டும் ஏக உற்சாகத்தில் இருந்தார். "டாக்டர், உங்களுக்கு நல்ல கண்ணு. எவ்வளவு அபூர்வமான வண்டியைக் கண்டுபிடிச்சிருக்கீங்க!" என்றார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்குக் கார் கிடைக்காமல் போயிற்றே என்று வருத்தப்படுவதற்கு முன்னால், இரும்புத் தகடுக்கு மாறியது எந்த வருடம் என்பதை நான் எழுதாமல் விட்டுவிட்டேனே என்று உங்கள் மனம் குறுகுறுத்ததா? அப்படியானால் அதை எனக்கே எழுதி அனுப்பிவிடுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். யாராவது கார் பார்க்கப் போவதாகச் சொன்னால் மட்டும், தயவுசெய்து, அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல்.