வேலியர் போட்ட இணையப் படலை

கரவெட்டியில் வேலியர் அளக்காதது வானம் ஒன்றைத்தான். அதற்கும் காரணம், கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க மேலே ஆள் கிடைக்காததுதான்.

அவருடைய உண்மைப் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கும். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற எல்லோருக்கும் அவர் வேலியர். எங்களுக்கும் அவருக்கும் ஒரே வேலி. வேலி அடைக்கும் காலம் வந்தால் கயிறு கட்டி, வேலிக்கு நட்ட கதியால் தடிகள் ஏதும் இரவோடிரவாக நடந்து அவர் பக்கம் வந்துவிட்டனவா என்று பார்ப்பார். எங்கள் பூவரசின் நிழல் பின்னேரத்தில் அவருடைய முற்றத்தில் விழுகிறதென்று ஒருமுறை கிராம அலுவலரிடம் முறையிட்டார். வேலியில் முன்பு ஆள் குனிந்து நுழையக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. எங்கள் கோழி அந்த வழியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் அதையும் அடைத்துவிட்டார். கோவில் அன்னதானத்தில்கூடத் தன் இலைக்கும் பக்கத்து இலைக்கும் நடுவில் செம்பை வைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

இப்படிப்பட்டவரின் பக்கத்து வளவில் இருந்துகொண்டு என் மகள் மதுரா மிளகாய்த்தூள் வியாபாரம் தொடங்கினாள். மூத்தவன் லண்டன் போனவன் போனவன்தான். அவனுக்கு நரை விழுவதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "சித்திரைக்குள்ளை இது சரிவரேல்லையெண்டால் நானும் அண்ணாட்டைப் போறன் அம்மா" என்று இவளும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் நேர்த்தி வைக்காத கோவில் வடமராட்சியில் இல்லை.

ஒரு நிறுவனம் இலவசமாகத் தந்த இணையத்தளத்தில் மதுரா கடை விரித்தாள். அவள் கடைப் பெயரின் வாலில் அந்த நிறுவனத்தின் பெயர் தொங்கும். தூளின் படத்துக்கு நடுவில் மூட்டுவலித் தைலத்தின் விளம்பரம் வந்து குந்தும். ஒருநாள் வேலியர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, வேலிக்கு மேலால் கைபேசியை வாங்கிப் பார்த்தார்.

"உது ஆற்றை காணி, பிள்ளை?"

"காணியில்லை மாமா, வெப்சைட். சும்மா தாறாங்கள்."

"சும்மா தாறவனுக்கு என்ன வருத்தமோ? காணி உறுதி ஆற்றை பேரிலை?"

"உறுதி ஒண்டுமில்லை."

"அப்ப நீ மற்றவன்ரை வளவுக்கை கொட்டில் போட்டிருக்கிறாய். நாளைக்கு அவன் எழும்பிப் போ எண்டால் சட்டி பானையோடை எங்கை போவாய்?"

"சொந்தமாய்ப் போட்டால் செலவு, மாமா. பழுதானாலும் நாங்கள்தான் திருத்தோணும்."

"வேலியெண்டால் வருசாவருசம் அடைக்கத்தானே வேணும்!"

நான் மகள் பக்கம் நின்றேன். பெரிதாகச் செலவழித்துத் தோற்றால் உடனே விமானம் ஏறிவிடுவாள் என்ற பயம் எனக்கு.

ஒரு காலை எழும்பிப் பார்த்தால் கடையைக் காணவில்லை. விதிகளை மீறியதால் நீக்கிவிட்டோம் என்று ஒற்றை வரி மட்டும் கிடந்தது. சின்னப் பொலித்தீன் பைகள், அதற்குள் செம்மண் நிறத் தூள், வெளிநாட்டுக்கும் அனுப்புவோம் என்ற அறிவிப்பு. இவற்றைச் சேர்த்துப் பார்த்த அவர்களுடைய இயந்திரம், மதுரா போதைப்பொருள் கடத்துகிறாள் என்று முடிவு செய்துவிட்டது. படங்கள், பாராட்டுகள், வாங்கினவர்களின் விலாசங்கள், எல்லாம் போயின. நான் வாசல் படலையைப் பூட்டிவிட்டுப் பொலிசுக்காகக் காத்திருந்தேன். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழும்பிப் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்ப்பேன். மதுரா பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க நெல்லியடிக்குப் போய்விட்டாள்.

"அண்ணை, பெட்டை போகப்போறாள்" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன்.

"நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்கியவர், வேலிக்கு மேலால் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். ஸ்ரூடியோ வாசலில் நின்ற மதுராவைப் பக்கத்துக் கொம்பியூட்டர் கடைக்குள் இழுத்துப் போனாராம். மிச்சக் கதையை மதுரா சொல்லித்தான் அறிந்தேன்.

சொந்தத் தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் வருடம்தோறும் பணம் கட்டவேண்டும் என்றார் கடைக்காரர். வேலியர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார்.

"அப்ப இது உறுதிக் காணியில்லை, குத்தகை!"

"ஓம் ஐயா. ஆனால் உள்ளுக்கை இருக்கிற சாமான் முழுக்க உங்கடை. இந்த இடம் பிடிக்கேல்லையெண்டால் அதே பேரோடை வேறை இடத்துக்குக் கொண்டு போகலாம்."

திரும்பக் கதிரையில் இருந்தார். "சரி, பெட்டையின்ரை பேரிலை எழுதும். படலை எங்கை?"

"என்ன படலை?"

வேலியர் விளங்கப்படுத்தினார். வருகிறவர்கள் விலையைப் பார்க்க முதல் மூன்று கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். பேர் என்ன? சொந்த ஊர் எது? ஆற்றை பிள்ளை?

"ஐயா, இப்பிடிக் கேட்டால் ஒருத்தரும் வராயினம்."

"கேளாமல் ஆரைத் தம்பி வளவுக்கை விடுறது?"

மதுராவுக்கு மறுத்துக் கதைக்கத் தெம்பில்லை. படலை போட்டாயிற்று. கடைக்காரர் சொன்னபடியே ஒரு குருவியும் வரவில்லை. சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது. "உந்தப் படலையைக் கழட்டப்போறன் அம்மா" என்று மதுரா கொம்பியூட்டரைத் திறந்த அன்றுதான் நோர்வேயிலிருந்து ஒரு பெண்ணின் பதில் வந்து கிடந்தது.

"புத்தூர். சந்திக்கு அங்காலை சைக்கிள் கடை வைச்சிருந்தவரின்ரை ரெண்டாவது பெட்டை. இஞ்சை என்னட்டை ஒருத்தரும் இதைக் கேக்கிறேல்லை. இன்னும் என்ன கேக்கிறியள்?"

தூளும் வாங்கினாள், ஊரெல்லாம் சொல்லியும் வைத்தாள். பிறகு வந்தவர்களுக்குப் பதில் எழுதக் கட்டம் போதவில்லை. வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர் பாட்டனின் வள்ளத்திலிருந்து தொடங்கினார். ஒரு பெடியன் மட்டும், "பிறந்தது பாரிஸ். அம்மம்மா கரவெட்டி. உள்ளுக்கை வரலாமோ?" என்று எழுதியிருந்தான். மதுரா அதை வேலிக்கு மேலால் வாசித்துக் காட்டினாள். வேலியர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"விடு பிள்ளை. தாய்வழிப் பங்கு இருக்கு."

புதிதாக ஒரு இலவசப் பக்கமும் திறந்து, அதில் கடையின் முகவரியை மட்டும் போடவா என்று மதுரா கேட்டாள். "சந்தியிலை பலகை நடு. அங்கை குடியிருக்காதை" என்று அனுமதி கிடைத்தது.

சித்திரை வந்தது, போனது. மதுரா போகவில்லை. எங்கள் முற்றம்தான் மிளகாய் காயப்போடப் போதாமல் போனது. ஒருநாள் காலை வெளியே வந்தால், அடைத்த பொட்டு திறந்து கிடக்கிறது. அதுவும் குனியாமல் போகும் அளவுக்கு. அந்தப் பக்கம் கையில் கத்தியோடு வேலியர்.

"எல்லை மாறேல்லை, தங்கச்சி! கதியாலெல்லாம் அதிலைதான் நிக்குது. மிச்ச மிளகாயை என்ரை முற்றத்திலை காயப்போடட்டும். பெட்டை கடகப்பெட்டியோடை ஒழுங்கையாலை சுத்தி வாறதுக்கிடையிலை மழை பிடிச்சிடும்."

இந்த வருடமும் வேலி அடைத்தார்கள். வழக்கம்போல் கயிற்றோடு வந்து எங்களைக் கண்டபடி சந்தேகப்பட்டார். பொட்டடிக்கு வந்ததும் கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தை அளக்காமல் கடந்து போனார்.