அன்னப்பூரணியின் தாமதம்

வாவி வள ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை செய்யும் அன்னப்பூரணி, தன் நாற்பத்தெட்டாவது வயதில், கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆறு கிழமை ஓய்வின் பின் கடமைக்குத் திரும்பினாள். அவள் திரும்பியதை அலுவலகம் முறைப்படி பதிந்துகொண்டது. கர்ப்பப்பை திரும்பாததைப் பதிவதற்குத்தான் இடம் இருக்கவில்லை.

அவளுடைய மேசை மேல்மாடியில் இருந்தது. கழிவறை கீழே. நடுவில் இருபத்தாறு படிகள். முதல் நாள் நான்கு தடவை ஏறி இறங்கியபோது, அடிவயிற்றில் தையல் போட்ட இடம் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. மறுநாள் காலையில் டொக்டரின் கடிதத்தோடு பணிப்பாளர் அருமைநாயகத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மூண்டு மாதத்துக்குப் பாரம் தூக்கப்படா, படி ஏறி இறங்கப்படா எண்டு எழுதியிரிக்கி சேர். கீழ ஒரு மூலையில கதிரை போட்டுத் தந்தாக் காணும்."

அருமைநாயகம் கெட்ட மனிதர் அல்ல. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"நீங்க இப்ப லீவிலயா, வேலையிலயா?"

"வேலையில."

"வேலைக்கு வந்தாச் சுகம் எண்டு அர்த்தம். சுகமில்லாட்டி லீவு. அரைச்சுகம் எண்டு ஒரு நிலை சுற்றறிக்கையில இல்ல."

"நோவு வயித்தில இரிக்கி சேர்."

"வயிறு உங்கட சொந்த விடயம். அதில அலுவலகம் தலையிட ஏலா."

அன்னப்பூரணி மறுபடியும் படியேறினாள்.

அலுவலகம் தலையிட முடியாது என்று அவர் சொன்னது முழுக்கச் சரியல்ல. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் தலைமையகம் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதன் பெயர் 'மாதர் நலன் பேணும் முன்மாதிரி அலுவலகம்'. கொழும்பில் இருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து மூன்று மணித்தியாலம் விளக்கம் கொடுத்தார். கீழ்மாடியில் பழைய களஞ்சிய அறைக்கு ரோஸ் நிறத் திரைச்சீலை போட்டு, ஓய்வறை என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். உள்ளே ஒரு கட்டில், அதன்மேல் புதிய மெத்தை. பார்வையிட வரும் மேலதிகாரிகளுக்கு மெத்தை புதிதாகவே தெரிய வேண்டும் என்பதற்காக, சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்றக்கூடாது, யாரும் படுக்கவும் கூடாது என்று எழுத்துமூலம் அறிவித்தார்கள். திறப்பு விழாவில் அருமைநாயகம் பேசும்போது, "குறித்த விடயம் மாதாமாதம் பெண்களுக்கு வருகின்றது என்பதை இத்திணைக்களம் இன்றுமுதல் ஏற்றுக்கொள்கின்றது" என்றார். நன்றாகக் கைதட்டினார்கள்.

திட்டத்தின் உயிர்நாடி ஒரு கணினிப் பதிவேடு. ஒவ்வொரு பெண் உத்தியோகத்தரும் தனக்குக் குறித்த விடயம் கடைசியாக வந்த திகதியைக் கொடுக்க வேண்டும். நேரத்துக்கு வந்தால் 'வந்தது'. வராவிட்டால் 'தாமதம்'. பதிவேட்டுக்குப் பொறுப்பு றிஸ்லா. ஏறாவூரில் இருந்து வரும் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். அவள்தான் மூன்றாம் நாள் அன்னப்பூரணியிடம் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, உங்கட வரி மட்டும் சிவப்பா இரிக்கி. ஒரு திகதி தந்தீங்கண்டா…"

"எனக்கு இனி வராது புள்ள. கர்ப்பப்பையை எடுத்தாச்சு."

"அதுக்குக் கட்டம் இல்லக்கா. ஒராள் சிவப்பா இரிந்தா முழு அலுவலகமும் சிவப்பாம். சேர் காலையில இருந்து மூண்டு தரம் கேட்டிட்டார்."

அன்னப்பூரணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் நொந்தது. அறுவைக்கு முந்திய இரண்டு வருடமும் அவள் கறுத்த சேலையாகப் பார்த்து உடுத்தி, கதிரையில் துவாய் மடித்துப் போட்டு இருந்தவள். ஒருநாள் படியில் தலை சுற்றி விழுந்தபோது, காலையில் சாப்பிடவில்லையா என்று கேட்டார்கள். வந்த காலத்தில் அதைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நின்ற பிறகு முழு அலுவலகமும் கேட்டது.

"கடைசியா வந்தது சித்திரை வருசத்துக்கு மறுநாள். பத்தொம்பது நாள் நிக்கல்ல. அதைப் போடு."

றிஸ்லா அந்தத் திகதியைப் போட்டாள். பதினொரு கிழமை கடந்திருந்தது. கணினி கூட்டிப் பார்த்து, தானே ஒரு முடிவுக்கு வந்தது.

மறுநாள் தலைமையகத்தில் இருந்து கடிதம் வந்தது. அன்னப்பூரணி தாய்மை அடைந்திருப்பது குறித்துத் தலைமையகம் மகிழ்ச்சியடைகிறது. அவருக்கு உடனடியாகக் கீழ்மாடியில் ஆசனம் ஒதுக்க வேண்டும். பாரம் தூக்க விடக்கூடாது. அரைமணி பிந்தி வரவும் அரைமணி முந்திப் போகவும் அனுமதிக்க வேண்டும். விரும்பினால் ஓய்வறையில், பொலித்தீனுக்கு மேலாக, படுக்கலாம்.

பத்து நிமிடத்தில் நான்கு பேர் வந்து அவளுடைய மேசையைக் கீழே இறக்கினார்கள். முன்னால் ஒரு மின்விசிறியையும் நட்டுவிட்டுப் போனார்கள்.

அன்னப்பூரணி கடைசித் தடவையாக இருபத்தாறு படியும் ஏறினாள்.

"சேர், இது பிழை. எனக்குக் கர்ப்பப்பையே இல்ல."

"அது டொக்டர் சொல்றது. இது தலைமையகம் சொல்றது."

"டொக்டர்தானே சேர் வெட்டி எடுத்தது."

அருமைநாயகம் தலைமையகக் கடிதத்தை மறுபடி பார்த்தார். "எடுத்தவர் எடுத்ததைத் தலைமையகத்துக்கு அறிவிச்சிரிக்காரா?"

"இல்ல."

"அப்ப தலைமையகத்தைப் பொறுத்தவரைக்கும் அது இன்னும் இரிக்கி. போய்க் கவனமா இரிங்க. படி ஏறாதீங்க."

இந்தச் செய்தி அன்று பின்னேர பஸ்ஸில் அவளுக்கு முன்னால் அவளுடைய ஊரான உன்னிச்சைக்குப் போய்ச் சேர்ந்தது. அவளுடைய புருசன் யோகராசா அங்கே வேளாண்மை செய்பவன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று, "இனி மாதாமாதம் அந்தக் கரைச்சல் இல்லத்தானே" என்று ஆறுதல் சொல்லி, அடுத்த கிழமையே நெல்மூட்டையில் ஒரு தலைப்புப் பிடிக்கக் கூப்பிட்டவன். இன்றைக்கு இளநீரும் ஒரு பெரிய விராலுமாக வந்து நின்றான்.

"என்ன இது?"

"வட்டையில வயல் செய்ற எல்லாரும் கை தந்தாங்க. அம்பத்திரெண்டு வயசில கெட்டிக்காரன் எண்டாங்க."

"ஆஸ்பத்திரிக் கடுதாசியில கையெழுத்து வெச்சது நீங்கதானே?"

"ஓம். அதை இப்ப அவங்களுக்கிட்ட எப்பிடிச் சொல்ற?"

விராலை அவனே கழுவினான். கிணற்றில் தண்ணீரும் அவனே அள்ளினான். ஒப்பரேஷன் நேரம் எட்டிப் பார்க்காத பக்கத்து வீட்டுக்காரர்கள் தோடம்பழத்தோடு வந்து, "எழும்பாதகா, இரி" என்றார்கள். அன்னப்பூரணி இருந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் சாப்பிட்ட கோப்பையை வேறொருவர் எடுத்துக் கழுவியது அன்றுதான். எதிர்த்துப் பேச அவளுக்குச் சக்தி இருக்கவில்லை. விரால் குழம்பும் நன்றாக இருந்தது.

இரண்டு மாதத்தில் தையல் ஆறியது. நோவு போனதும் மனச்சாட்சி வந்தது. ஒருநாள் றிஸ்லாவின் கதிரைக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"இதை நிப்பாட்டு புள்ள. அஞ்சாம் மாசம் எண்டு காட்டுது."

"நிப்பாட்ட ரெண்டு வழிதான் இரிக்கிக்கா. 'பிறந்தது', இல்லாட்டி 'கலைந்தது'."

அன்னப்பூரணி திரையில் இருந்த இரண்டாவது சொல்லை விரலால் தொட்டாள். இருபது வருடத்துக்கு முன் அவளுக்கு உண்மையாகவே ஒரு பெண்பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போனது. அப்போது வேறொரு அலுவலகம். மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில், பெரியவர்கள் சொன்னபடி, காய்ச்சல் என்று எழுதினாள்.

"அந்தச் சொல்லை இதுக்கு எழுத ஏலா" என்றாள்.

 றிஸ்லா திரையை மூடினாள். "அப்ப இரிக்கட்டும்கா."

அப்படியே இருந்தது. ஆனால் கீழ்மாடிக் கதிரையையும் மின்விசிறியையும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தபால் பிரிவுச் சீதேவிப்பிள்ளைக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. முழங்கால் தேய்ந்து, ஒவ்வொரு படிக்கும் முருகனைக் கூப்பிடுகிறவள். றிஸ்லாவிடம் சொல்லித் தன் திகதியை மாற்றி, அவள் 'தாமதம்' ஆனாள். பித்தப்பையில் கல் எடுத்த ஒருத்தி, சிசேரியன் செய்து நாலாம் மாதமே கடமைக்கு வந்திருந்த இன்னொருத்தி என்று ஏழு பேர் கீழே இறங்கினார்கள். மேல்மாடியில் பணிப்பாளரும் ஆண்களும் பைல்களும்தான் மிச்சம். மாகாணத்திலேயே அதிக தாய்மார் கடமையாற்றும் அலுவலகம் என்று தலைமையகம் ஒரு கேடயம் கொடுத்தது. அருமைநாயகம் அதைக் கண் கலங்கப் பெற்றுக்கொண்டார்.

அடுத்த மாதம் அவருக்குக் குடலிறக்கம் என்று வெட்டினார்கள். பதினைந்தாம் நாள் கடமைக்கு வந்தார். மூன்றாவது படியில், கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அன்னப்பூரணி போய்க் கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து இருத்தினாள்.

"சேருக்குக் கீழ ஒரு கதிரை தரச் சொல்லி எழுதுவமா?"

"எழுத ஏலா. நான் வேலைக்கு வந்திட்டன்" என்றார். அதன் பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பதிவேட்டில… புதுசா ஒராளைச் சேர்க்கலாமா?"

சேர்க்கலாம். ஆணா பெண்ணா என்று பதிவேடு கேட்கவில்லை. அதைச் செய்தவருக்கு அப்படி ஒரு சந்தேகம் வரவில்லை. றிஸ்லா பெயரை அடித்தாள்.

"கடைசித் திகதி என்ன போட சேர்?"

"எனக்கு அப்பிடி ஒரு திகதி இல்லையே."

"வெறுமையா விட்டா முழு அலுவலகமும் சிவப்பாகிடும் சேர்."

அருமைநாயகம் நெடுநேரம் யோசித்து, தனக்கு நினைவில் இருந்த ஒரே திகதியாகத் தன் கல்யாண நாளைக் கொடுத்தார். முப்பத்தொரு வருடத் தாமதம். தலைமையகம் அதை அவசர விடயமாக எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே அனுமதி அனுப்பியது.

அன்புள்ள தாயாருக்கு என்று தொடங்கிய அந்தக் கடிதத்தின் அடியில், மேற்படி தாயாரைத் தாம் நேரில் பார்த்து உறுதிப்படுத்துவதாக அலுவலகப் பணிப்பாளர் கையெழுத்திட வேண்டியிருந்தது. அருமைநாயகம் பேனையைக் கேட்டு வாங்கி, திகதியும் போட்டு, கையெழுத்திட்டார்.