உறுமிக்கு ஒரு மைக்

“உறுமி கேக்கல லா. வயர நல்லா அமுக்குங்க,” என்றார் கோயில் தலைவர் சத்தியசீலன்.

அமுக்கினார்கள். சக்கரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டி நீல விளக்கை மட்டும் மினுக்கியது.

மெர்போக் ஆற்றங்கரையில் கரகம் பூச்சூடித் தயாராக இருந்தது. அம்மன் இறங்கி உத்தரவு கொடுக்காமல் அதைத் தூக்கக்கூடாது. உறுமி முழங்கினால் போதும், வருடாவருடம் பெரியவர் அம்மாசிக்கு அருள் வந்துவிடும். நண்பகலுக்குள் கரகம் கோயில் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் அடுத்த வாரப் பொதுக்கூட்டத்தில் சத்தியசீலனின் தலைவர் பதவி போய்விடும்.

பெட்டி வாங்கியே தீரவேண்டும் என்று நின்றவர் அவர்தான். வெறும் உறுமியே அக்கரைவரை கேட்கும். ஆனால் அக்கரைக் கோயிலில் பெட்டி வாங்கிவிட்டார்கள். பிறகு சும்மா இருக்க முடியுமா?

“தலைவரே, நான் வயரு இல்லாமலே அடிக்கிறேனே,” என்றான் உறுமிக்காரன் இருளப்பன்.

“அப்புறம் பொட்டி எதுக்கு? படம் புடிச்சுப் போடவா?”

கீபோர்டு வாசிக்க வந்த லோகேஸ்வரன், உறுமி மைக்கின் வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினான். உறுமி ஒரு கணம் ஆற்றங்கரையையே அதிரவைத்தது. அடுத்த கணம் பெட்டி ‘கீ’ என்று ஊளையிட்டது. கூட்டமே காதைப் பொத்திக்கொண்டு கத்தியது. மோர் வாளிக்குப் பக்கத்தில் நின்ற இராசாத்தி மற்றவர்களைவிட உரக்கக் கத்தினாள்.

“யாரது? டெஸ்டிங் நடக்குதுக்கா, சத்தம் போடாதீங்க. யாராச்சும் அவங்கள உக்கார வச்சுத் தண்ணி குடுங்க,” என்றார் சத்தியசீலன்.

நாற்காலியிலிருந்து அம்மாசி மெல்ல எழுந்தார். “தலைவரே, ஒரு விசயம்...”

“நீங்க உக்காருங்கண்ணே. லைன் சரியானதும் நானே சொல்றேன். அப்ப சாமி வந்தாப் போதும்.”

அம்மாசி உட்கார்ந்துவிட்டார். தலைவர் பேச்சை மீறும் ஆள் இல்லை அவர்.

“மைக்கு பொட்டிக்கு முன்னால இருந்தா அப்படித்தான் கத்தும்,” என்று லோகேஸ்வரன் உறுமியைத் தூரத்தில் நிறுத்தினான். வயர் எட்டவில்லை. அறிவிப்பாளருக்காக வாங்கிய வயரில்லா மைக்கைத் துண்டால் உறுமியில் கட்டினார்கள். இருளப்பன் அடித்த அடியில் மைக் கழன்று சேற்றில் விழுந்தது.

“புளூடூத்துல போட்டுப் பாரு,” என்றார் சத்தியசீலன். புளூடூத் என்றால் என்ன என்று யாரும் அவரைக் கேட்காதது நல்லதாய்ப் போயிற்று.

லோகேஸ்வரன் பொத்தானை அழுத்தியதும் கூட்டத்தில் யாருடைய கைப்பேசியோ பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. “காக்காக், அபாங், ஹர்கா மூரா, ரொம்ப மலிவு! தூடோங் ரெண்டு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ!” என்று ஆன்லைனில் முக்காட்டுத் துணி விற்கும் மலாய்க்காரி கரகத்தைப் பார்த்துக் கூவினாள். பக்தியோடு கைகூப்பி நின்ற சிலர் அதற்கும் கும்பிட்டார்கள்.

“அடைங்க, அடைங்க!”

அவசரத்தில் லோகேஸ்வரனின் முழங்கை கீபோர்டில் பட்டது. அதற்குள் பதிந்திருந்த டிஸ்கோ தாளம் தானாகக் கிளம்பியது. நிறுத்தப் போனவன் எதை அழுத்தினானோ, வேகம்தான் கூடியது. பம்பைக்காரர் பழக்கதோஷத்தில் கூடவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அதோடு பேட்டரி தீர்ந்து பெட்டி செத்தது.

ஜெராய் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“சரி, சும்மாவே அடி,” என்றார் சத்தியசீலன்.

இருளப்பன் வெறும் உறுமியை உருட்டினான். அக்கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் அம்மாசியைப் பார்த்தார்கள். அம்மாசி கொட்டாவி விட்டார்.

சத்தியசீலனுக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டுவேட்டி சேறாவதைக்கூடப் பாராமல் பெரியவரின் காலடியில் உட்கார்ந்தார்.

“அண்ணே, மானம் போயிரும்ணே. அம்மாவ ஒரு தடவ வரச் சொல்லுங்க. உத்தரவு மட்டும் குடுத்துட்டுப் போகட்டும்.”

அம்மாசி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“அம்மா அப்பவே இராசாத்தி மேல வந்து, ‘அந்தப் பொட்டிய அடைச்சிட்டுக் கரகத்தத் தூக்குங்கடா’ன்னு உத்தரவு குடுத்துச்சு தலைவரே. நீங்கதான் தண்ணி குடுத்து உக்கார வச்சிட்டீங்க.”