லேபிள் உரித்த டப்பா

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்ந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் நான் நலமா இல்லையா என்பதே தாங்கள் எழுதப்போகும் பதிலில்தான் இருக்கிறது என்பதால், அந்த வரியை மட்டும் நாளைக் காலை வரை ஒத்திவைத்திருக்கிறேன். தங்கள் அணைக்கட்டின் நீர்மட்டம், தங்கள் இடுப்பு வலி, தாங்கள் வளர்க்கும் பூனை மூன்றும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். காலையிலிருந்து பதினொரு தடவை அடித்துவிட்டேன். மலை மேல் அணைக்கட்டுக்குக் காவல் காக்கப் போனவருக்கு சிக்னல் எங்கிருந்து கிடைக்கும்? நல்ல வேளையாகத் தங்களுக்குச் சாமான் ஏற்றி வரும் ஜீப் இன்று நாலு மணிக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. டிரைவரிடம் சொல்லி வைத்துவிட்டேன். நாளை காலை ஏழு மணிக்கு அவர் கீழே இறங்கும்போது தங்கள் பதில் அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு நான் டாக்டர் முன்னால் உட்கார வேண்டும். இப்போது மணி மூன்று பத்து. தங்கள் அக்கா உள்ளறையில் சற்றே கண் அயர்ந்திருக்கிறாள். அவள் எழுந்திருப்பதற்குள் முடித்தாக வேண்டும். பேனா மூடி திறக்கும் சத்தத்துக்கே விழித்துக்கொள்கிறவள் என்பது தாங்கள் அறியாததல்ல.

விஷயம் இதுதான். நாலு மாதத்துக்கு முன்னால் தாங்கள் எனக்கு அனுப்பிய வைட்டமின் ஈ டப்பா நினைவிருக்கும். தேன் நிறத்தில், உள்ளே எண்ணெய் நிறைந்த கேப்ஸ்யூல், டப்பாவுக்கு முந்நூறு. கூடவே ஒரு சீட்டு. "அத்தான், இது இயற்கையானது, ஒன்றும் செய்யாது, தோல் மினுங்கும், நரம்பெல்லாம் முறுக்கேறும், நானே தினமும் சாப்பிடுகிறேன்." என் இதயத் துடிப்பு தாளம் தப்பிப்போய், ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு வருடமாகச் சாயங்காலம் ஒரு மாத்திரை விழுங்குகிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினீர்கள். தெரிந்தும் நான் சாப்பிட்டேன். குற்றத்தில் பாதி என்னுடையது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிற்பாடு கோபத்தில் மறந்துவிடுவேன்.

ஒளித்துச் சாப்பிட்டதற்கும் காரணம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வேரும் பொடியும் கொண்டுவந்து நீட்டியபோது, கூடம் அதிர நான் ஓர் அறிவிப்புச் செய்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு பொட்டுக்கூட என் வாய்க்குள் போகாது என்று. தங்கள் அக்கா அன்று என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பெருமை இருந்தது. முப்பத்தாறு வருட இல்லறத்தில் அபூர்வமாகக் கிடைத்த சரக்கு, அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் டப்பாவை வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்தேன், என் பழைய கருவிப் பெட்டியில் கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அந்தப் பெட்டியை அவள் தொடமாட்டாள்.

மூன்று மாதம் ஒழுங்காக ஒன்றே ஒன்றுதான். போன மாதம் ரத்தப் பரிசோதனைகூடச் சரியாகவே வந்தது. அதற்குப் பிறகுதான் முட்டி சத்தம் போட ஆரம்பித்தது. நூல் மில்லில் முப்பத்தொரு வருடம் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டவன் நான். சத்தம் வந்தால் என்ன செய்வோம்? ஒரு சொட்டு கூடப் போடுவோம். கை தானாகப் போய்விட்டது மைத்துனரே. மூன்று வாரமாகக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு, ஏழாம் நம்பர் இயந்திரத்துக்குப் போடுவதுபோல முறையாகப் போட்டேன். எண்ணெய் மிதமிஞ்சினால் சுழலும் கதிரிலிருந்து தெறித்து நூலையெல்லாம் கறையாக்கிவிடும் என்று புது ஆட்களுக்குத் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். அது எனக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை.

முதல் வாரம் ரத்தக்கட்டு. கதவுத் தாழ்ப்பாளில் லேசாக இடித்தால் போதும், முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் விரல் விரலாக ஊதா. கீழ் வீட்டுத் தையல்காரர் சட்டைக்கு அளவெடுக்கும்போது கையைத் தூக்கிப் பார்த்தார், வாசலை எட்டிப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, "சார், வீட்ல எல்லாம் சுமுகமாத்தானே இருக்கு? அம்மா கோவக்காரங்களா?" என்றார். நான் பதறிப்போய், "சேச்சே, நானே இடிச்சுக்கிட்டது" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க" என்று தோளைத் தட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து தங்கள் அக்கா படியிறங்கும்போது அந்த மனிதர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறார். அவளும் மரியாதை தெரிந்தவர் என்று மெச்சிக்கொள்கிறாள்.

அடுத்த வாரம் சவரம். தாடையில் கடுகளவு கீறல், அது நிற்கவே இல்லை. காகிதத் துணுக்கு ஒட்டினேன், படிகாரம் தேய்த்தேன், கடைசியில் கன்னத்தைப் பிடித்தபடியே குடியிருப்போர் கூட்டத்துக்குப் போனேன். கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தலைவர் நான் ஆழ்ந்து யோசிப்பதாக நினைத்து, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். அதையாவது விடுங்கள்.

நேற்றுதான் உயிர் போய் வந்தது. கடைவாய்ப் பல் பிடுங்கப் போனேன். பல் டாக்டர் போன மாதத்து ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தம் இளக்குற மாத்திரை தவிர வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களா? வைட்டமின், சத்து மாத்திரை, எதுவானாலும் சொல்லுங்க" என்று கேட்டார். பக்கத்தில் தங்கள் அக்கா. "ஒண்ணுமே கிடையாது" என்றேன். அவளும், "அவரா? இருமல் மாத்திரைகூடத் தொடமாட்டார் டாக்டர்" என்று ஒத்து ஊதினாள். அதோடு விட்டாளா? என் அறிவிப்பை வரி மாறாமல் ஒப்பித்தாள். பல் வந்தது. பின்னாலேயே ரத்தமும் வந்தது. பஞ்சு வைத்தார், கடிக்கச் சொன்னார். பஞ்சு மாற்றினார், மறுபடி கடிக்கச் சொன்னார். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. தையல் போட்டார். என் சட்டை, அவர் கோட்டு, தங்கள் அக்காவின் கைக்குட்டை எல்லாம் ஒரே நிறம். டாக்டரின் உதவியாளப் பெண் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள், திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. தங்கள் அக்கா என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை சில்லென்று இருந்தது, அவளுடையதா என்னுடையதா தெரியவில்லை.

நாலாவது மணியில் நின்றது. இன்று காலை இதய டாக்டரிடம் ரிப்போர்ட். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டுமாம், ஐந்தைத் தாண்டி நிற்கிறதாம். அவரும் அதே கேள்வி கேட்டார். நாங்களும் அதே பதிலைச் சொன்னோம், இந்தத் தடவை இன்னும் சரளமாக. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "சாப்பாடு மாறல, மாத்திரை மாறல, வேற எதுவும் சாப்பிடல. அப்ப இந்த மாத்திரையே உங்களுக்கு அதிகம்னுதான் அர்த்தம். ரெண்டு நாள் நிறுத்துங்க. நாளைக்கு மறுபடி பார்த்துட்டு, அளவைப் பாதியாக் குறைச்சுடறேன்" என்றார்.

இங்கேதான் சிக்கல். திரும்பி வரும் வழியில், தங்கள் அக்கா பழம் வாங்கும் நேரம் பார்த்து மருந்துக் கடையில் நுழைந்து, "என் நண்பர் ஒருத்தர் ரத்தம் இளக்குற மாத்திரையோட வைட்டமின் ஈயும் சாப்பிடறார், பரவாயில்லையா?" என்றேன். கடைக்காரர் என் வாயைப் பார்த்தார். "உங்க நண்பரும் பஞ்சு கடிச்சுக்கிட்டுத்தான் இருக்காரா?" என்றார். பிறகு விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னார்: "டாக்டரைக் கேக்காம ரெண்டையும் சேர்க்கவே கூடாது சார். அதுவும் ரத்தத்தை உறைய விடாது. கொழுப்புல கரையுற சத்து, உடம்புல தங்கும், இன்னிக்கு நிறுத்தினா நாளைக்கே போயிடாது. பல்லு, ஆபரேஷன்னா முன்கூட்டியே சொல்லியாகணும். அது சரி, ஒண்ணுல எத்தனை யூனிட்? நானூறா, ஆயிரமா? டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பார்."

எத்தனை யூனிட்! லேபிள் சாக்கடையில் போய் நாலு மாதமாகிறது. இப்போது யோசித்துப் பார். நான் டப்பாவைத் தொடர்ந்தால் ரத்தம் நிற்காது. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், டாக்டர் பாதியாகக் குறைக்கப்போகும் மாத்திரை போதாமல் போய், ரத்தம் கட்டியாகி மூளைக்கு ஏறிவிடும். முன்னால் போனாலும் ஆபத்து, பின்னால் போனாலும் ஆபத்து. எல்லாம் நீ அனுப்பிய ஒரு சீட்டு, "ஒன்றும் செய்யாது" என்று. எதை வைத்துக்கொண்டு அப்படி எழுதினாய்? நீ என்ன டாக்டருக்குப் படித்தாயா, மதகு திறக்கப் படித்தாயா? மன்னிக்கவும், 'நீ' வந்துவிட்டது. வந்தது வந்ததுதான், அப்படியே இருக்கட்டும்.

உன்னிடமும் அதே டப்பா ஒன்று இருக்கிறதல்லவா. அதை எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, ஒரு கேப்ஸ்யூலில் எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கிறதோ அதை எழுத்தாலும் எண்ணாலும் எழுதி அனுப்பு. சுமாராக, ஏறக்குறைய என்றெல்லாம் வேண்டாம். நாளை உன் அக்கா ரசீது போட வரிசையில் நிற்கும்போது, நான் அந்தச் சீட்டை டாக்டர் மேசையில் நழுவ விடுவதாகத் திட்டம். அவள் காதுக்கு இது போகவே கூடாது, சத்தியம் பண்ணு. அவளைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடக் கூடாதே என்றுதான் இந்தக் கருமத்தையெல்லாம் விழுங்கினேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது, உனக்கும் வர வேண்டாம்.

தங்கள் பணி சிறக்கவும், இடுப்பு நிமிரவும், பூனை பல்லாண்டு வாழவும் மூத்தவன் என்ற முறையில் ஆசி கூறி முடிக்கிறேன்.

என்றும் மாறா அன்புடனும் வாயில் பஞ்சுடனும்,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் செல்லாது. உறைக்குப் பசை எங்கே என்று பழக்கதோஷத்தில் குரல் கொடுத்துவிட்டேன். உன் அக்கா பசையோடு வந்தாள், கடிதத்தை வாங்கினாள், நின்றபடியே கடைசி வரை படித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். நேரே சமையலறைக்குப் போய், சர்க்கரை டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். அதே டப்பா. லேபிள் பளபளவென்று அப்படியே இருக்கிறது. நானூறு யூனிட்.

"முட்டி சத்தம் போடுதேன்னு போன மாசம் தம்பிகிட்ட சொன்னேன். அனுப்பினான். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். தினம் காலையில ரெண்டு, ஊக்கால குத்தி உங்க ஓட்ஸ்ல பிழிஞ்சேன்" என்றாள். ஆக, நான் இரண்டு, அவள் இரண்டு. ஒரு நாளைக்கு ஆயிரத்தறுநூறு. என் கணக்கு சரிபாதிதான். இரண்டு பேருக்கும் தனித்தனியே டப்பா அனுப்பிவிட்டு நீ மலை மேல் எப்படித்தான் தூங்குகிறாயோ.

"ரெண்டு டாக்டரும் கேட்டாங்களேங்க. ரெண்டு தடவையும் நான் உண்மையைச் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் சொல்லவில்லை என்றேன். அவள் அழுது நான் பார்த்து ஒன்பது வருடமாகிறது. எனக்கும் தாங்கவில்லை.

நாளை பத்து மணி வரையெல்லாம் காத்திருக்கவில்லை. இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு இந்த ஜீப்பிலேயே டாக்டரிடம் போய், உள்ளதை உள்ளபடி சொல்லப் போகிறோம். யூனிட், எண்ணிக்கை, எந்தத் தேதியிலிருந்து, எல்லாவற்றையும் அவள் ஒரு தாளில் எழுதிவிட்டாள். எங்களை இறக்கிவிட்டுத்தான் டிரைவர் மேலே வருவார், உன் சாமான் தாமதமாகும். நீ பிரஷர் மாத்திரையோடு இந்தக் கேப்ஸ்யூலையும் எத்தனை விழுங்குகிறாய், யாரைக் கேட்டு விழுங்குகிறாய் என்று உன் அக்கா கேட்கிறாள். நாளைக் காலை இதே ஜீப்பில் உன் டப்பாவோடு இறங்கி வருவாயாம், உன்னையும் டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். திட்டமாட்டேன் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். ஆனால் திட்டுவாள். வந்துவிடு.